வாடகைச் சடை

பிள்ளையைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிற தாய் தகப்பன்மாருக்கு என்னால் சொல்லக்கூடிய உருப்படியான தகவல் ஒன்றுதான். தலையில் வெல்லப்பாகு தடவிக்கொண்டு போகாதீர்கள்.

எங்கள் மாடியில் குடியிருக்கிற பெண்ணும் இதைக் கேட்டுச் சிரித்தாள். அவள் மகனுக்குப் பெங்களூரில், பல தேசத்துப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பெற்றோருக்கென்றே ஒரு புத்தகம் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், காரை எங்கே நிறுத்த வேண்டும், பிறந்தநாளைக்கு எந்த மிட்டாய் கொண்டுவரக்கூடாது என்று எல்லாம் போட்டிருக்கிறது. அவள் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். நான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடியப் பத்தி இன்னா போட்டுக்கீது?" என்றேன்.

"முடியப் பத்தி ஒண்ணும் இல்லைம்மா."

அப்படியானால் அது அரைகுறைப் புத்தகம். நான் மூன்றாவதோடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் விட்டுப்போன அந்தப் பக்கத்தை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் சித்தூரில் இருந்தோம். என் வீட்டுக்காரர் வெல்ல மண்டி வைத்திருந்தார். மண்டிக்கு வருகிற வண்டிகளை வைத்துத்தான் ஊரில் எங்களுக்கு மரியாதை. எனக்கோ என் முடியை வைத்து மரியாதை. இடுப்புக்குக் கீழே தொங்கும். தெருக்குழாயில் நான் குனிந்தால் பின்னால் நிற்கிறவள் குடத்தை மறந்து என் சடையைப் பார்ப்பாள். (அவள் பார்க்கிறாளா என்று நானும் திரும்பிப் பார்ப்பேன்.)

மூத்தவள் கஸ்தூரி. படிப்பில் புலி. திருப்பதிக்குப் போகிற வழியில், சந்திரகிரிப் பக்கம், வெளிதேசத்துக்காரர்கள் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அணைக்கட்டு இஞ்சினியர் பிள்ளைகள், ஆஸ்பத்திரி துரைமார் பிள்ளைகள் எல்லாம் அங்கே படித்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் இடம் உண்டு, பரீட்சை வைத்து எடுப்பார்கள். கஸ்தூரி அந்தப் பரீட்சை எழுதப் போனாள். அவளுக்கு டாக்டர் ஆக வேண்டும். அன்றைக்கே நான் ஏழுமலையானிடம் சொல்லிவிட்டேன், அவள் தேறினால் என் முடி உனக்கு என்று.

அவள் தேறிவிட்டாள். மறுநாளே நான் மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனத்தைப் பூசிக்கொண்டு வந்து நின்றேன். பெருமைதான். முடி போன துக்கத்தை ஒருவரிடமும் காட்டவில்லை.

அந்த வாரமே பள்ளிக்கூடத்திலிருந்து தபால் வந்தது. தேறியது சரி, ஆனால் தாயும் தகப்பனும் சேர்ந்து நேரில் வர வேண்டும், பார்த்துப் பேசிய பிறகுதான் இடம். என் வீட்டுக்காரர் என் தலையைப் பார்த்தார்.

"சரக்கு கைக்கு வராங்காட்டியும் முழுசா குடுத்துட்டியேமே. அட்வான்சா கொஞ்சம் முடி குடுத்துட்டு, மீதிய சீட்டு கெடச்சப்புறம் குடுத்திருக்கலாம் இல்ல?"

"சாமிகிட்ட மண்டி யாவாரம் பண்ண சொல்றியா?" என்றேன்.

அந்தத் தபாலோடு பெற்றோருக்கான தகவல் என்று இரண்டு தாள் இருந்தது. இங்கிலீஷ். மண்டிக் கணக்குப்பிள்ளை சுப்பையாதான் எங்களுக்குப் படித்துச் சொன்னான். சட்டை, பாவாடை, துண்டு எல்லாவற்றிலும் பிள்ளையின் பெயரை நூலால் தைத்து அனுப்ப வேண்டும். பலகாரம் கூடாது. சொந்தக்காரர்கள் கூட்டமாக வரக்கூடாது. லீவு நாளில் வீட்டில் படிப்பைக் கவனிக்க ஆள் இருக்க வேண்டும். கஸ்தூரி அன்று சாயங்காலமே சிவப்பு நூல் கண்டு வாங்கிவந்து, காலர் உள்பக்கத்தில் இங்கிலீஷில் தன் பெயரைத் தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

சுப்பையா தாளை மடித்துவிட்டு, எழுதாத ஒரு தகவலைத் தன் கைச்சரக்காகச் சேர்த்தான். "மொதலாளி, அவங்க தேசத்துல ஜெயிலுக்குப் போற பொம்பளைக்குத்தான் தலைய மழிப்பாங்களாம். அம்மாவ இப்படியே இட்டுக்கினு போனா இன்னா நெனப்பாங்க?"

சுப்பையா தடா ஊரைத் தாண்டி எங்கும் போனவன் இல்லை. ஆனால் அவனுக்கு இங்கிலீஷ் தெரியும், அதனால் இங்கிலீஷ் பேசுகிற தேசமெல்லாம் தெரியும் என்று நாங்கள் நம்பினோம்.

ஆக டோப்பா தேட வேண்டியதாயிற்று. நாடகக்காரர்களுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிற கடையில் ஒன்றே ஒன்று இருந்தது. ராணி வேஷம் போடுகிற ஆம்பிளை வைத்துக்கொள்வது. அவன் தலை பூசணிக்காய் அளவு. என் தலையில் அது சுற்றிச் சுற்றி வந்தது. பவுடரும் பீடியும் கலந்த வாசனை வேறு. ஒட்டுகிற பசை பாட்டிலில் காய்ந்து கல்லாகக் கிடந்தது.

"பசைக்கா பஞ்சம்?" என்றார் என் வீட்டுக்காரர். மண்டியிலிருந்து நல்ல வெல்லமாக எடுத்துக் கெட்டிப் பாகு காய்ச்சச் சொன்னார். வியாபாரத்தில் அவருக்கு வெல்லம் எல்லாக் காரியத்தையும் முடித்துக் கொடுத்திருக்கிறது, இதையும் முடிக்கும் என்று நினைத்தார். ஆறவைத்துத் தடவி அமுக்கினோம். ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தேன். பட்டம்மாளாகிய நான் பழைய மாதிரியே இருந்தேன், கொஞ்சம் ராணியாகவும் இருந்தேன். எனக்குப் பிடித்துத்தான் போயிற்று, அதை ஏன் மறைக்க வேண்டும்.

கஸ்தூரி மட்டும் வாசற்படியில் நின்றுகொண்டு, "யம்மா, நீ இருக்கிற தலையோட வாம்மா. எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல" என்றாள்.

"நீ சும்மா கெட. பெரியவங்க பேசிக்கினு கீறோம் இல்ல" என்றார் அவள் நைனா. நானும் அதையேதான் சொன்னேன், வேறு வார்த்தையில்.

வாடகைக் கார் பிடித்துப் போனோம். காற்றில் சடை பறந்துவிடும் என்று கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். சித்தூர் வெயில், ஜூன் மாதம். அவர் கோட்டு வேறு போட்டிருந்தார். பாகாலா வருவதற்குள் பாகு இளகிக் காதோரம் இறங்க ஆரம்பித்தது. எங்கிருந்தோ ஓர் ஈ உள்ளே வந்து, ஏற்றிய கண்ணாடிக்குள் எங்களோடு நாலாவது ஆளாகப் பயணம் செய்தது. வழி நெடுக அவர் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தார்.

"நீ வாயத் தொறக்காத. எது கேட்டாலும் சிரிச்ச மூஞ்சியா தலைய ஆட்டு, போதும்."

பள்ளிக்கூட கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேனுக்கு மொட்டை. பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரனுக்கு மொட்டை. எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த ஆயம்மா, நெற்றியில் பெரிய பொட்டோடு, பளபளவென்று மொட்டை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பாவம் அந்த ஆயம்மா, இவளுக்கு யாரும் டோப்பா வாங்கித் தரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே தலைமை ஆசிரியை உட்கார்ந்திருந்தாள். துரைசாணி அம்மாள், நடுவயசு, தெலுங்கு நம்மைவிடச் சுத்தமாகப் பேசினாள். செம்பட்டை நிறத்தில் நெருக்கமான சுருட்டை முடி. மேலே பெரிய ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. என் சடை நுனி ஆடுகிறது, மேசைத் தாள் எல்லாம் படபடக்கிறது, அவள் முடியில் ஓர் இழை அசையவில்லை. நல்ல எண்ணெய் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

முதலில் கஸ்தூரியிடம் பேசினாள். பெண் தயங்காமல் பதில் சொன்னாள். அந்த அம்மாள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இடம் அங்கேயே கிடைத்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அதோடு எழுந்து வந்திருந்தால் சரி.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "மீரேமி சதிவினாரம்மா?"

என்ன படித்தேன் என்று கேட்கிறாள். நான் தலையை ஆட்டினேன்.

"எஸ்.எஸ்.எல்.சி. அம்மா. ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார் என் வீட்டுக்காரர். (நான் படித்தது மூன்றாம் கிளாஸ். ஒரு வகையில் குறைத்துத்தான் சொன்னார்.)

"லீவில் நீங்களே பாடம் சொல்லித் தருவீர்களா?"

ஆட்டினேன். சடை ஒரு விரற்கடை முன்னால் வந்தது.

"இங்கிலீஷ் வாசிப்பீர்களா?"

ஆட்டினேன். இப்போது நெற்றி குறைந்து, வகிடு புருவத்துக்கு மேலே நின்றது. கஸ்தூரி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் ஜன்னல் வழியாக எறும்புக்குச் செய்தி போய்விட்டிருந்தது. கருப்பாக ஒரு கட்டெறும்பு கழுத்தில் ஏறிக் காதுக்குப் பின்னால் போய், சந்தனமும் வெல்லமும் சேர்ந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கடித்தது. நான் கையைத் தூக்கியது எறும்புக்காக. கையோடு வந்தது சடை.

மடியில் விழுந்து கிடந்தது, செத்த பெருச்சாளி மாதிரி. என் தலையிலிருந்து பாகு ஒரு சொட்டு தாலிச் சரட்டில் விழுந்தது.

அழுதிருக்கலாம். எனக்கு அது வராது. சடையை எடுத்து அந்த அம்மாள் மேசைமேல், தாள்கள் பறக்காதபடி பாரமாக வைத்தேன். தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னேன், "இது வாடகை. என்னுது மலை மேல கீது."

அவள் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "இந்த ஊரில் இருந்துகொண்டு மொட்டைத் தலையைப் பார்த்தால் நாங்கள் பயப்படுவோம் என்று யார் சொன்னது? தண்ணீர் கொடுத்தவளைப் பார்த்தீர்களா?" என்றாள் தெலுங்கில். பிறகு மெதுவாக, "எஸ்.எஸ்.எல்.சி.யும் வாடகைதானா?"

என் வீட்டுக்காரர் தன் செருப்பையே பார்த்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மூணாவது. அது சொந்தம்."

அப்போது அவள் மேசையில் எறும்புச் சாரை ஊர்ந்து வந்துவிட்டது. அவள் சட்டென்று பின்னால் சாய்ந்து, பெண்கள் எல்லோரும் செய்வது மாதிரி கையைத் தலைக்குக் கொண்டுபோனாள். அவள் முடி முழுசாக, சுருட்டை கலையாமல், ஒரு பக்கமாக நகர்ந்தது. அடியில் வலை தெரிந்தது, வலைக்கு அடியில் கொஞ்சூண்டு நரைத்த முடி. கண் மூடித் திறப்பதற்குள் சரிசெய்துகொண்டாள். மற்றவர்கள் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

வாய்வரை வந்தது. உன்னுது வாடகையா, சொந்தமா என்று ஒரே ஒரு வார்த்தை. கஸ்தூரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தைக்கு ஒரு இடம் வேண்டும். விழுங்கிவிட்டேன். என் ஆயுசில் வாயை அடக்கிய ஒரே தடவை அதுதான், அதற்கும் பலன் இல்லை.

"பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. தபால் போடுகிறோம்" என்றாள் அந்த அம்மாள்.

தபால் வந்தது. சுப்பையாதான் அதையும் படித்தான். பெற்றோர் தந்த தகவல்கள் உண்மையாக இல்லாததால் இடம் தருவதற்கில்லை. பொய் ஆகாதாம். தலையில் வலை மாட்டிக்கொண்டு எழுதியிருப்பாள்.

சுப்பையா எனக்கு ஆறுதல் சொல்லப் பார்த்தான். மலையில் சேருகிற முடியெல்லாம் ஏலத்தில் போகிறது, கப்பலேறுகிறது, அங்கே சாயம் போட்டு டோப்பா செய்து வெள்ளைக்காரிகள் மாட்டிக்கொள்கிறார்கள் என்றான். "அந்தம்மா தலையில இருந்தது உங்க முடியாவே இருக்கும்மா."

"எப்படிடா இருக்கும்? இவ குடுத்து ஒரு மாசங்கூட ஆவல. சரக்கு போய்த் திரும்பி வர வாணாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப போன வருசத்துச் சரக்கு."

இரண்டு பேரும் அதைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். என் மகள் போக முடியாத சீமைக்கு என் முடி போகிறது. இதில் எனக்கு என்ன ஆறுதல்?

நாடகச் சாமான் கடைக்காரன் எறும்பு மொய்த்த டோப்பாவைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றுவிட்டான். மண்டியில் வெல்லம் கொத்த வருகிற காக்காய்க்குக் காட்டி விரட்டக் கழியில் கட்டித் தொங்கவிட்டோம். கஸ்தூரி சித்தூர்ப் பள்ளிக்கூடத்திலேயே படித்தாள். சிவப்பு நூலில் பெயர் தைத்த சட்டைகளைத்தான் போட்டுக்கொண்டு போனாள், பிரித்துவிடு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டர் ஆகவில்லை. நாயுடுபேட்டையில் அரிசி மில்காரருக்குக் கட்டிக்கொடுத்தோம். மில் கணக்கு முழுவதும் அவள்தான் பார்க்கிறாள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யார் யாரை எந்த விசேஷத்துக்கு அழைத்தாலும், "இருக்கிற தலையோட வாங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார்கள். நேற்று வந்த மருமகள்கள்கூடச் சொல்கிறார்கள். மாப்பிள்ளை ஒரு அழைப்புப் பத்திரிகையில் அச்சடித்தே விட்டார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் சிரிப்பேன்.

போன மாதம் கஸ்தூரி போன் பண்ணினாள். அவள் மகளுக்கு மெட்ராசில் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது, சேர்க்கப் போகிறார்கள், என்னையும் வரச் சொன்னாள். நான் என்ன புடவை கட்டிக்கொள்ளட்டும் என்று கேட்டேன்.



"யம்மா, நீ இருக்கிற தலையோட வாம்மா" என்றாள்.

அவள் மட்டும் அதைச் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.