பேண்டேஜ் மாமாவின் நாற்பது விநாடி

ராஜபாளையம் முழுவதிலும், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் இரண்டு கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு நின்ற ஒரே மனிதர் பேண்டேஜ் மாமாதான். இன்னொருவர் இருந்திருந்தால் மன்னித்துவிடுங்கள். நான் அந்த ஊரில் மூன்று வருடம்தான் குடியிருந்தேன். எல்லாத் தெருவையும் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் காவலாளியாக இருந்தவர். அந்த வீட்டில் உப்பு தீர்ந்தாலும் தீரும், பேண்டேஜ் தீராது. சண்டை இருக்கிற ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குளித்து, காக்கி டவுசர் மாட்டி, விரல் விரலாகப் பேண்டேஜ் சுற்ற ஆரம்பித்தால் முழங்கைக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவார். நாற்காலிகள் வாசலுக்குப் போய்விடும். கூடத்தில் ஒரு ஸ்டூல், ஒரு வாளித் தண்ணீர், ஒரு துண்டு. இத்தனையும் டிவியில் குத்துச்சண்டை பார்க்க.

அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் சண்டை நமக்கு ஞாயிறு காலையில் வரும். ஒரு ரவுண்டு மூன்று நிமிடம். அது முடியும் வரை மாமா நின்றுகொண்டே பார்ப்பார், வந்தவர்களும் நிற்க வேண்டும். ஒரு நிமிட இடைவேளையில் அவர் மட்டும் ஸ்டூலில் உட்காருவார். அத்தை துண்டால் விசிற வேண்டும். முன்னால் வரும் சில்லறைச் சண்டைகளெல்லாம் ஓய்ந்து பெரிய சண்டை முடியும் வரை இட்லிக் கொப்பரை அடுப்பில் ஏறாது. ஒரு முறை பெரிய சண்டை முதல் ரவுண்டிலேயே முடிந்துவிட்டது. மாமா அன்று முழுவதும் துக்க வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அத்தை மட்டும், "அடிச்ச புண்ணியவான் நல்லாருக்கணும்" என்று டிவியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மாவைக் கரைக்கப் போனார்.

மாமா ஒவ்வொரு சண்டைக்கும் தனித்தனியாகப் பணம் கட்டிப் பார்க்கிறவர். என் கணவருக்கு அது பொறுக்கவில்லை.

"மாமா, மாசச் சந்தா கட்டுனா எம்புட்டுச் சண்டை வேணும்னாலும் பாக்கலாமே?"

"மாப்ளே, சந்தாங்கிறது பால்காரன் மாதிரி. வேணும்னாலும் வேண்டாட்டியும் ஊத்திட்டுப் போயிருவான். சண்டைங்கிறது தேரோட்டம். ஆடிப்பூரத் தேருக்கு மாசச் சந்தாவா கட்டுறோம்?"

"தேருக்குக் காசே கெடையாதே! அதக் கேளுங்க மாப்ளே!" என்று அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

நாங்கள் சந்தாக் கட்சி. அதுவும் குத்துச்சண்டைக்காகக் கட்டியதல்ல. பத்து மாத மகள் கார்ட்டூன் பார்த்தால் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடுவாள் என்று நான்தான் கட்டச் சொன்னேன். கட்டிய மறுநாளே, திரையைக் காட்டி ஊட்டக் கூடாது என்று எங்கோ படித்துப் பயந்து நிறுத்திவிட்டேன். கட்டிய சந்தா வீணாகக் கூடாதென்று, கார்ட்டூனோடு ஒட்டிக்கொண்டு வந்த குத்துச்சண்டையை என் கணவர் பார்க்கத் தொடங்கினார். மலிவான சந்தா என்பதால் ரவுண்டுக்கு ரவுண்டு இடைவேளையில் பற்பசை விளம்பரம் வரும்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஒரே சண்டைதான்; ஆனால் எங்கள் போனில் வருவது மாமாவின் டிவிக்கு நாற்பது விநாடி கழித்துத்தான் போய்ச் சேரும். காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்.

முதல் ஞாயிறே என் கணவர், "செவப்பு டவுசர் காலி!" என்று கத்தினார். நாற்பது விநாடி கழித்து அடுத்த வீட்டில் சிவப்பு டவுசர் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. காசு கொடுத்துப் பார்க்கிற மனிதருக்கு முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டோமே! இரண்டு நாள் யோசித்து, அம்மா வீட்டிலிருந்து, அதாவது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து, பால்கோவா வரவழைத்து, மன்னிப்பு கேட்கப் போனேன். மாமாவுக்குச் சர்க்கரை வியாதி இருக்குமோ என்ற சந்தேகம் வாசலில் நிற்கும்போதுதான் வந்தது.

மாமா ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "அதனால என்னம்மா? சின்னஞ்சிறுசுக. நல்லாச் சத்தமாவே பாக்கச் சொல்லு" என்றார்.

எவ்வளவு பெரிய மனது என்று நெகிழ்ந்துபோய் வீடு திரும்பினேன்.

அடுத்தடுத்த வாரங்களில் அவர் வீட்டில் கூட்டம் சேர்ந்தது. டீக்கடைக்காரர், மில் ஆட்கள், செட்டியார்பட்டியிலிருந்துகூட இரண்டு பேர். "அவிய சொன்னாச் சொன்னதுதான். சொவத்துல சாஞ்சு நின்னு கண்ண மூடுறாரு. 'கறுப்பு விழுவான்'ங்கிறாரு. விழுதான்!" என்று டீக்கடைக்காரர் என் கணவரிடமே வியந்தார். டிவி அலறும் கூடத்தில், சுவரில் காது வைத்திருக்கிற ஒருவருக்குத்தான் அடுத்த வீட்டுக் குரல் கேட்கும் என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை மாலை மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"மாப்ளைக்கு நாளைக்கு என்ன ஷிப்ட்டும்மா?"

"காலை ஷிப்ட் மாமா. விடியமுன்னே ஆலங்குளம் போயிருவாரு."

மாமா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்போ யாரு கத்துவா?"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"நாளைக்குக் கான்சாபுரத்துலருந்து சுபேதார் வாரான். என் ரெஜிமெண்ட்டு. தெருவுல நான் பாக்சர்னு சொல்லி வச்சிருக்கேன். நான் ரிங்ல ஏறுனதே இல்ல தாயி. பதினாலு வருசம் அவனுக்கு வாளி தூக்குனேன். மூலையில ஸ்டூலப் போட்டு, தண்ணி குடுத்து, தொடச்சு விட்டு அனுப்புற ஆளு. அத அவன் சபையில போட்டு உடைச்சிருவான். ஆனா நான் சொன்னது கண்ணு முன்னால பலிச்சா, வாயத் தெறக்க மாட்டான்."

"மாமா, நான் காக்காயக்கூடச் சத்தம் போட்டு வெரட்டுனதில்ல."

"கத்த வேண்டாம். டம்ளரால சொவத்துல தட்டு. செவப்பு விழுந்தா ஒண்ணு, கறுப்பு விழுந்தா ரெண்டு."

அது ஏமாற்று வேலை அல்லவா என்று இரவு முழுக்க யோசித்தேன். பெரியவர் கேட்டதைச் செய்யாமல் இருப்பது அதைவிடத் தப்பல்லவா என்று விடியும்போது முடிவு செய்தேன்.

காலையில் இடுப்பில் மகள், ஒரு கையில் போன், மறு கையில் எவர்சில்வர் டம்ளர். முதல் நான்கு ரவுண்டுகளில் யாரும் விழவில்லை. ஐந்தாவதில் சிவப்பு டவுசர் லேசாகத் தடுமாற, இது விழுந்த கணக்கா இல்லையா என்று நான் குனிந்து பார்த்த நேரத்தில் மகள் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். சுவர் வாகாக இருந்தது. டம், டம், டம் என்று பதினைந்து தட்டு தட்டியிருப்பாள். நான் பிடுங்கப் பிடுங்க அவளுக்குக் குஷி.

அடுத்த வீட்டில் மாமா, "செவப்பு விழுவான்!" என்பது கேட்டது. "இல்ல, கறுப்பு! கறுப்புக்குப் பொறவு செவப்பு! ரெண்டு பேரும்... மறுபடியும் கறுப்பு..."

"நடுவரு எப்பம்லே விழுவாரு?" இது பட்டாளத்துக் குரல்.

கூடமே சிரித்தது. நாற்பது விநாடி போனது, ஒருவரும் விழவில்லை. போனை அணைத்துப் போட்டுவிட்டு மகளோடு ஓடினேன். 'தப்பு என்னுடையது' என்று சொல்லிவிடலாம். சொன்னால் எல்லாமே வெளியே வந்துவிடும். வாசற்படியில் நின்று திருதிருவென்று விழித்தேன். மாமா என்னைப் பார்த்தார். நான் மகளைக் காட்டினேன்.

சுபேதார் மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏலே, உனக்கு எதுக்குலே சோசியம்? கேளுங்கப்பா. இவன் பாக்சரே இல்ல. எனக்கு வாளி தூக்குனவன்!"

டீக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். அத்தை விசிறுவதற்காக எடுத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். டிவியில் ஐந்தாவது ரவுண்டு முடிந்து மணி அடித்தது. எங்கள் வீட்டில் என்றால் பற்பசை வந்திருக்கும். இங்கே கேமரா நேராகக் கறுப்பு டவுசர்காரனின் மூலைக்குப் போய் நின்றது.

மாமா உட்காரவில்லை. அந்த மூலையையே பார்த்தார்.

"ஆமா, வாளிதான் தூக்குனேன்" என்றார் மெதுவாக. "இந்த ஒரு நிமிசத்தப் பாக்கத்தான் தனியாக் காசு கட்டுறேன். அவன் வாளிக்காரனப் பாரு. என்னமோ கேக்கான், பையன் தலையாட்டல. தண்ணியக் குடுத்தா வாய்க்குப் போகாம மோவாயில ஊத்துறான். எந்திரிக்கும்போது பாருங்க, கயித்தப் பிடிப்பான்."

பையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான்.

"துண்ட வீசுடா. அடுத்த ரவுண்டு தாங்க மாட்டான்."

ஆறாவது ரவுண்டு பாதிகூட ஆகவில்லை. சிவப்பின் ஒரு குத்துக்குக் கறுப்பு முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

கூடம் வெடித்தது. சுபேதார் மட்டும் சத்தம் போடாமல் மாமா பக்கத்தில் வந்து நின்றார். "இப்படித்தான்டா" என்றார் எல்லோருக்குமாக. "நான் விழப் போறது எனக்கு முன்னாடி இவனுக்குத் தெரியும். ரெண்டு தடவ ரிங்குக்குள்ள துண்ட வீசி, சண்டைய நிறுத்தி என்னைக் காப்பாத்திருக்கான். அந்தக் கோவந்தான் எனக்கு இன்னும் தீரல."

மாமா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பேண்டேஜ் சுற்றிய கையால் வாயை மறைத்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டார்.

"ஏம்மா, இப்ப யாரு தட்டுனா?"

"யாரும் தட்டல மாமா."

"யாருமேவா?"

"நான் இங்கதான நிக்கேன்."

அந்த முகத்தில் படர்ந்த ஆச்சரியத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற சுபேதாரிடம் மகளைக் கொடுத்தேன். அவர் கை கழுவியிருந்தாரா என்று கேட்க வேண்டும் என்பது, வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு நினைவு வந்தது.