கெல்மார் அய்யாவின் மூக்கு

துடைத்த துணியோடு கெல்மாரின் மூக்கும் வந்துவிட்டது.

ஆஸ்லின் துணியைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மூக்கு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தடம். தலைமை அலுவலகம் கடல் தாண்டி அனுப்பிய படம். கண்ணாடி துடைக்கிற மருந்தை அதன்மேல் அடிக்கக் கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மணி எட்டு. பதினொன்றுக்குத் திறப்புவிழா. கெல்மார் நிறுவனத்தின் நானூற்றுப் பதின்மூன்றாவது ஓட்டல், மண்டபம் கடற்கரையில். நிறுவனரின் பேரனே வருகிறார். வந்ததும் தாத்தா படத்துக்கு மாலை போடுவதுதான் முதல் நிகழ்ச்சி.

எட்டாம் வகுப்போடு நின்றவள் ஆஸ்லின். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் பாம்பனில் கட்டிக் கிடக்க, புருஷன் ஆன்டனி ராஜ் வீட்டில் சும்மா இருந்த நேரத்தில் கிடைத்த வேலை இது. அவளை வேலைக்கு எடுத்த மேனேஜர் பிரபுவுக்காக ஞாயிறுதோறும் கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறாள்.

கைப்பையிலிருந்த புருவப் பென்சிலை எடுத்து மூக்கை வரைந்தாள்.

எலக்ட்ரீஷியன் கூத்தையா ஏணியோடு வந்து நின்றார்.

"என்ன தாயி, கிளிப்படமா?"

"பெரிய முதலாளிண்ணே! மூக்கு போயிருச்சு."

"இதுக்கா கலங்குற? கொஞ்சம் பெயின்ட் தின்னர் தொட்டா பென்சில் போயிரும்."

பென்சில் போனது. கூடவே கண், மீசை, தாடை எல்லாம் போயின. மிச்சமிருந்தது கோட்டும் டையும்தான்.

"கோட்டு ஒண்ணும் ஆகல" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு நழுவினார் கூத்தையா.

கோட்டு என்றதும் ஆஸ்லினுக்கு மாமனார் சூசைமுத்து நினைவுக்கு வந்தார். உடனே ஆன்டனிக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, வேளாங்கண்ணியில மாமா கோட்டுப் போட்டு ஒரு போட்டோ எடுத்தாகல்ல? அதத் தூக்கிட்டு ஓடியாங்க."

"எதுக்குடி?"

"வந்தாச் சொல்றேன். என் வேலையே அதுலதான் இருக்கு."

ஸ்டூடியோக்காரர் ஸ்டைலுக்காகக் கறுப்பு வெள்ளையில் போட்டுக் கொடுத்த படம். அதனால் நிறம் காட்டிக் கொடுக்கவில்லை. பாலம் தாண்டி ஆன்டனியின் பைக்கில் வந்த சூசைமுத்து, பத்தரை மணிக்கெல்லாம் கெல்மாரின் சட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டார்.

பிரபு அந்தப் பக்கம் வந்தார்.

"என்ன ஆஸ்லின், அய்யா கொஞ்சம் மெலிஞ்சாப்ல தெரியுறாரு?"

"வெளிச்சம் அப்பிடி சார்."

பேரன் வந்தார். அறுபது வயது வெள்ளைக்காரர். கூடவே மொழிபெயர்க்க, சென்னை அலுவலகத்து யுவராணி. படத்தின் முன்னால் அவர் வெகுநேரம் நின்றார். பிறகு மாலை போட்டார், விளக்கேற்றினார், கைகூப்பினார். ஆஸ்லினுக்கு மூச்சு வந்தது.

பிரபு மைக்கைப் பிடித்தார்.

"ஒரு துறைமுகத்தில், மீன் சந்தைக்குப் பின்னால், எட்டே எட்டு அறைகள். அங்குதான் தொடங்கினார் இவர்! விருந்தாளியின் பெட்டியை இவரே தூக்குவார். நனைந்த செருப்பை இவரே அடுப்போரம் காயவைப்பார். அந்த எட்டு அறையை நாற்பத்தோரு நாடுகளுக்கு வளர்த்துவிட்டு, முப்பது வருடங்களுக்கு முன் இவர் நம்மை விட்டு மறைந்தார்..."

விருந்துக்குக் கடைசி நேரத்தில் மீன் போதவில்லையென்று சமையல்காரர் யாருக்கோ சொல்லியனுப்பியிருந்தார். அந்த யாரோ, தடை இல்லாத நாட்டுப்படகில் பிடித்த மீனைக் கூடையில் சுமந்துகொண்டு, மருமகள் வேலை பார்க்கிற இடத்தைப் பார்க்கும் ஆசையில், மைக்கில் வந்த பேச்சைக் கேட்டபடி முன்வாசல் வழியாகவே உள்ளே வந்தார். மாலையையும் விளக்கையும் பார்த்தார். கூடை நழுவியது.

"ஏலே ஆன்டனி, நான் எப்படா செத்தேன்?"

கூட்டம் படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்தது.

ஆஸ்லின் ஓடிவந்து பேரன் முன்னால் நின்றாள். அழுகையோடு மூக்கிலிருந்து கோட்டு வரை ஒன்று விடாமல் சொன்னாள். "மேனேஜர் சாருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எனக்கு வேலை குடுத்ததத் தவிர அவுக ஒரு தப்பும் பண்ணல. நான் போயிர்றேன்."

யுவராணி ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தாள்.

சூசைமுத்து ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு முதலாளியின் கையைப் பிடித்தார்.

"அய்யா, நான் வேளாங்கண்ணி தாண்டிப் போனதில்ல. என்னையப் போயி நாப்பத்தோரு நாட்டுல ஓட்டல் கட்ட வச்சீக. ரொம்ப நன்றி. இந்த மருமகள மட்டும் அனுப்பிராதீக. எங்க வீட்டுல இப்ப அடுப்பு எரியிறது அவளாலதான்."

பேரன் படத்திலிருந்த மாலையைக் கழற்றினார். அதைச் சூசைமுத்துவின் கழுத்தில் போட்டார். சிரித்தபடி, கண்ணைத் துடைத்தபடி ஏதோ சொன்னார்.

எல்லோரும் யுவராணியைப் பார்த்தார்கள்.

"'அழாதம்மா, அந்தப் படம் எந்த ஊர்லயும் துடைச்சா நிக்காது. இதுவரைக்கும் இருபது ஊர்ல யார் யார் படத்துக்கோ மாலை போட்டிருக்கேன், நேர்ல நன்றி சொல்ல ஆளே உயிரோட வந்து நின்னது இங்கதான்'னு சொல்றாரு."