ஒரு வருஷத்துக்கு ஒரு மெட்டு

நான் திருவனந்தபுரம் வலியசாலையில் குடியிருந்த காலத்தில், ஸ்டைல் அண்ணாச்சியும் ஸ்டைல் அக்காவும் பாட்டுப் போடாமல் அங்கே ஒரு கடை திறந்ததில்லை, ஒரு குழந்தைக்குக் காது குத்தியதில்லை, ஒரு குமாஸ்தா ரிட்டயர் ஆனதில்லை. பிரிவு உபசாரப் பாட்டு இன்னும் ரெடியாகவில்லை என்று ஒருவர் ரிட்டயர் ஆன பிறகும் இரண்டு நாள் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்திருந்தார் என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

இரண்டு பேரும் அண்ணன் தங்கை. ஐம்பதைத் தாண்டியவர்கள். முன்னோர்கள் எங்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள். அண்ணன் மெட்டுப் போட்டு ஆர்மோனியம் வாசிப்பார். தங்கை தமிழிலும் மலையாளத்திலும் பாட்டு எழுதுவார். பாடுவது இரண்டு பேரும். யார் எதைக் கேட்டாலும் அண்ணாச்சியின் முதல் கேள்வி "எந்த ஸ்டைல்?" என்பதுதான். டீக்கடைக்காரர் "சாயா எடுக்கட்டே?" என்றால்கூட "எந்த ஸ்டைல்ல?" என்பார். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒருநாள் காரணம் கேட்டேன். "பொண்ணு பாக்கப் போன எடத்துல கல்யாணப் பாட்டு எந்த ஸ்டைல்ல வேணும்னு கேட்டேன் மக்கா. எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க" என்றார். அக்கா, "எனக்கு அந்தப் பிரச்சனையே இல்ல. இவன் கேப்பான்னு பயந்து ஒருத்தனும் வரல்ல" என்றார்.

தபால்காரருக்கும் அவர்கள் ஸ்டைல் அண்ணாச்சி, ஸ்டைல் அக்காதான். கரண்ட் பில் காலமான அப்பாவின் பெயரில் வரும். அவர்களுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்குமே என்று தெருவில் யாருக்கும் தோன்றவில்லை. மாடியில் மூன்று வருடம் குடியிருந்த எனக்கும் தோன்றவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

கூரியர் ஆபீசில் வேலை கிடைத்து, தென்காசியிலிருந்து ஒரு பெட்டியோடு போய் அவர்கள் வீட்டு மாடி ரூமைக் கேட்டேன்.

"ரூம் இருக்கு. நீ பாட்டுக் கேப்பியா?" என்றார் அண்ணாச்சி.

"கேப்பேன் அண்ணாச்சி."

"எந்த ஸ்டைல்?"

"எல்லாமே கேப்பேன்."

அவர் உள்ளே திரும்பி, "தங்கச்சி, ஆளு கொள்ளாம்! எல்லா ஸ்டைலும் கேப்பானாம்!" என்று கத்தினார். சாவி என் கைக்கு வந்தது. மறுநாள் விடிந்தும் விடியாததுமாக மாடிப்படிக்குக் கீழே ஆர்மோனியத்தோடு எனக்கு வரவேற்புப் பாட்டு. என் பெயர், என் ஊர், என் பெட்டியின் நிறம் எல்லாம் அதில் வந்தன. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இனி ஒனக்கு ஒறக்கம் இல்ல, கேட்டியா" என்று ஆசீர்வதித்தார்.

அண்ணாச்சிக்கு வேலை ஒரு ஹோமியோ டாக்டரிடம் டோக்கன் கூப்பிடுவது. அதையும் பாடித்தான் கூப்பிடுவார். இருமல்காரர்களுக்கு இழுத்து, வயிற்றுப்போக்குக்காரர்களுக்கு வேகமாக. தன் நம்பரைக் கேட்டும் எழுந்திருக்காத ஒரு பெரியவரை டாக்டர் வெளியே வந்து விசாரித்தபோது, "இன்னொரு தடவ பாடட்டும், வாறேன்" என்றாராம். பாதி நோயாளிகள் பாட்டிலேயே குணமாகி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்பது டாக்டரின் நிரந்தரக் குறை.

அக்கா தையல்காரர். அவருடைய தையல் மெஷின்தான் அவர்களின் தாளவாத்தியம். ஆர்மோனியத்தை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து, போனை ஊசிக்கு நேரே நிறுத்தி, அக்கா மிதிக்க மிதிக்க ரெக்கார்டிங் நடக்கும். ஜாக்கெட்டுக்குப் பைப்பிங் வைக்கிற வேகம் என்றால் பஜனைப் பாட்டு. சுடிதார் வேகம் என்றால் சர்ச் பாட்டு. பாவாடையை ஒரே ஓட்டமாக ஓட்டுகிற வேகம் என்றால் எலக்ஷன், ஜிம் திறப்பு விழா, பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டே. நூல் அறுந்தால் பாட்டு நிற்கும். அவசரமான ஒரு எலக்ஷன் பாட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டது. ஜாக்கெட்டுக்காரப் பெண்மணி சண்டைக்கு வந்தவர், பாட்டைக் கேட்டுவிட்டு, "அதும் ஒரு ஸ்டைல்தான்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

மெஷினில் பெரிய வேலை இல்லாத மாலைகளில் அக்கா தமிழ் வார இதழை உரக்க வாசிப்பார். அண்ணாச்சி மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அதுவும் மூன்றாவது வரியில் கோபம் வந்துவிடும். அக்காவும் அதே பள்ளிக்கூடம்தான். ஆனால் வார இதழ்களில் வரும் தையல் பக்கத்துக்காகத் தானாகவே தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டவர். அண்ணனுக்கு எது பிடிக்காதோ அந்த வரிகளைத் தாண்டிவிட்டு வாசிக்கிற சாமர்த்தியமும் அவருக்கு உண்டு.

ஒருநாள் குளிக்கும்போது கோயில் பஜனைப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஜில்லென்று இருந்ததால் கொஞ்சம் வேகமாகப் பாடினேன். பாதியில் அது ஜிம் திறப்பு விழாப் பாட்டாகிவிட்டது. திரும்ப மெதுவாகப் பாடினேன், பஜனை. வேகமாகப் பாடினேன், ஜிம். சோப்பு நுரையோடு கீழே ஓடினேன்.

"அக்கா, ரெண்டும் ஒரே மெட்டு!"

"பின்ன?" என்றார் அக்கா, பட்டனுக்கு நூல் கோத்தபடி. "ஒரு வருஷத்துக்கு ஒரு மெட்டுதான் தம்பி வரும். அதுக்கு மேல வந்தா அது களவு. எவனோ போட்டது காதுல கெடந்து வாறது."

"வெளிய தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? சாமி கும்பிடுறவன் ஜிம்முக்குப் போவானா? ஜிம்முக்குப் போறவன் என்னிக்கு சாமி கும்பிட்டான்? மொதல்ல போய் நொரையக் கழுவு."

அதுதான் அவர்களுடைய தர்மம். ஊரில் எல்லாரும் சினிமாப் பாட்டின் மெட்டில் வார்த்தையை மாற்றி எலக்ஷன் பாட்டுப் போடுவார்கள். அப்படிக் கேட்டு வந்த ஒரு கட்சிக்காரரை அண்ணாச்சி கேட் வரை கொண்டுபோய் விட்டு, கேட்டைப் பூட்டிவிட்டும் வந்தார். ஊர் முழுக்க அந்த வருஷத்து ஒரே மெட்டைத்தான் அழுதுகொண்டும் ஆடிக்கொண்டும் பாடுகிறது என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

இவ்வளவு பாட்டுப் போட்ட அண்ணாச்சிக்கு ஒரே ஓர் ஆசை. மைக்கில் ஒரு தடவை தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் கோயில் விழாவில் அவர்கள் பாட்டு முடிந்ததும் அறிவிப்பு ஆரம்பிக்கும்போது, இஸ்திரி போட்ட சட்டையில் வாயைத் திறந்தபடி நிற்பார். பூ உபயம் இன்னார். பாயசம் உபயம் இன்னார். ஜெனரேட்டர் உபயம் இன்னார். ஜெனரேட்டருக்கு வயர் நீளம் போதாமல் இரண்டு முழம் வயர் கொடுத்தவருக்குக்கூட நன்றி சொன்னார்கள். அத்தோடு மைக்கை அணைத்துவிட்டார்கள். அக்கா அண்ணனின் கையைப் பிடித்து, "வாண்ணே, கடலை வாங்கிட்டுப் போவோம்" என்றார். "அதுக்குத்தானே வந்தேன்" என்றார் அண்ணாச்சி. வீடு வரைக்கும் ஒரு கடலைகூட உரிக்கவில்லை. பார்த்துக்கொண்டு பின்னால் நடந்த எனக்கு அந்த மைக்கை உடைக்க வேண்டும் போலிருந்தது.

மறு வருடம் விழாக்கமிட்டிக்குப் புதிய செக்ரட்டரி வந்தார். டிசம்பரில் வரும் அய்யப்பன் விளக்கு ஊர்வலத்துக்குப் புதுப் பஜனைப் பாட்டு கேட்டார். தயங்கித் தயங்கி அக்காதான் விஷயத்தைச் சொன்னார். "அதுக்கென்ன? ஊர்வலம் முடியும்போது கண்டிப்பா பேரு சொல்லுவோம்" என்றார் செக்ரட்டரி. அக்கா இரண்டு பெயரையும் மலையாளத்தில் ஒரு சீட்டில் எழுதி மடித்துக் கொடுத்தார். அண்ணாச்சி அன்றே சட்டையை இஸ்திரி போட்டு ஹாங்கரில் தொங்கவிட்டார். ஊர்வலத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அத்தோடு நின்றிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? ஆபீசில் கூட வேலை பார்த்த ஒருவர் சர்ச் கரோலுக்குப் புதுப் பாட்டு தேடினார். அழைத்துக்கொண்டு வந்தேன். வார்டு எலக்ஷனில் சுயேச்சையாக நின்றவர் என் பார்சல் வாடிக்கையாளர். அவருக்குச் சின்னம் இஸ்திரிப் பெட்டி. அவரையும் அழைத்துக்கொண்டு வந்தேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான்கு ஜாக்கெட், இரண்டு சுடிதார், ஒரு டஜன் பாவாடை தைத்து மூன்று பாட்டும் முடிந்தன. மெட்டு ஒன்றுதான். அந்த வருடம் வந்தது உண்மையிலேயே நல்ல மெட்டு. கேட்டால் காதைவிட்டுப் போகாது.

"அக்கா, மூணு பேரும் ஒரே எடத்துல வந்துட்டா?" என்றேன்.

"எப்படித் தம்பி வருவாங்க? சாமி வேற, ஏசு வேற, எலக்ஷன் வேற."

வந்தார்கள். கேரளத்தில் பிரச்சாரத்தின் கடைசி மாலையைக் கொட்டிக்கலாசம் என்பார்கள். கட்சிக்காரர்கள் கொட்டும் கொடியுமாக ஜங்ஷனில் கூடித் தொண்டை கிழியக் கத்தி முடிக்கிற நாள். அந்த மாலைதான் அய்யப்பன் விளக்கும். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருந்தும், கரோல் பார்ட்டியும் அந்த மாலைதான் முதல் ரவுண்டு கிளம்பியது. ஆறு மணிக்கு இஸ்திரிப் பெட்டி ஜீப் ஒரு தெருவிலிருந்தும், ஊர்வலம் இன்னொரு தெருவிலிருந்தும், கரோல் மூன்றாவது தெருவிலிருந்தும் ஜங்ஷனுக்குள் நுழைந்து ஒன்றையொன்று மறித்து நின்றன.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அவரவர் பாட்டு மற்றவர் சத்தத்தில் அமுங்காமலிருக்க ஆளாளுக்குச் சத்தத்தைக் கூட்டினார்கள். ஜீப் பாட்டின் வேகத்துக்குப் பஜனைக்காரர்கள் இழுபட்டார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா டிரம்மை அடித்தபடி, மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பாலகனே இஸ்திரிப் பெட்டிக்கு வோட்டுப் போடுங்கள் என்று பாடிவிட்டார். பஜனைக் கோஷ்டியின் முன்வரிசை அய்யப்பனை வார்டு கவுன்சிலராக்கியது. ஜங்ஷன் மாடியில் அந்த வருடம்தான் திறந்த ஜிம்மின் பையன்கள் தங்கள் திறப்பு விழாப் பாட்டு ஒலிக்கிறது என்று பால்கனிக்கு வந்து தண்டால் எடுத்தார்கள். மூன்று கோஷ்டியும் ஸ்பீக்கரில் போட்ட ரெக்கார்டிங்குக்குப் பின்னால், ஊருக்கே ஒரே ஜாக்கெட் தைக்கிற மாதிரி அக்காவின் தையல் மெஷின் டகடகவென்று ஓடிக்கொண்டிருந்தது.

திடீரென்று எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். ஜீப் அனௌன்சர் மைக்கில், "இது நம்மட பாட்டாணு! மோஷணம்!" என்று கூவினார். திருட்டாம். கிறிஸ்துமஸ் தாத்தா தாடியைக் கழற்றிவிட்டுச் சண்டைக்குத் தயாரானார். செக்ரட்டரிக்கு விஷயம் முழுக்கப் புரிந்துவிட்டது.

"அய்யப்பனுக்குக் குடுத்த பாட்டையே எலக்ஷனுக்கும் குடுத்தாச்சு, அல்லே? இதுல பேரு வேற சொல்லணுமா? ஒண்ணும் சொல்ல மாட்டேன்!" என்று சட்டைப்பையிலிருந்த சீட்டைக் கசக்கி ரோட்டில் எறிந்தார்.

அண்ணாச்சி கடலை வண்டிக்குப் பக்கத்தில் இஸ்திரிச் சட்டையோடு நின்றிருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மூன்றில் இரண்டை இழுத்துவந்த புண்ணியவான் நான்தானே. அக்கா மெதுவாக, "வாண்ணே, கடலை வாங்கிட்டுப் போவோம்" என்றார்.

"கடலை வேண்டாம்" என்றார் அண்ணாச்சி.

தனியாக ரோட்டைத் தாண்டவே பயப்படுகிறவர், கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் ஜீப்பில் ஏறி அனௌன்சரின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"ஹலோ... இது களவில்ல. ஒரு சினிமாப் பாட்டையும் நாங்க தொட்டதில்ல. இது எங்க மெட்டு. ஒரு வருஷத்துக்கு ஒண்ணுதான் வரும். இந்த வருஷம் கொஞ்சம் நல்லா வந்துட்டு. அதான் எல்லாருக்கும் குடுத்தோம். தப்புன்னா பொறுத்துக்கணும். இதப் போட்டது ரெண்டு பேரு. ஒண்ணு நான். இன்னொண்ணு எனக்க தங்கச்சி. எங்க பேரு..."

இந்த இடத்தில், பெயர் தெளிவாகக் கேட்க வேண்டுமே என்று, மைக்கை ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேராகவே கொண்டுபோய் வைத்துப் பேசினார். அது ஊளையிட்ட ஊளையில் ஜங்ஷனே காதைப் பொத்திக்கொண்டது. பின்னாலேயே ஓடி ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு அவர் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. ஒரு வழியாக அனௌன்சர் பாய்ந்து வயரைப் பிடுங்கியதும், சத்தம் நின்ற நிம்மதியில் கூட்டம் மொத்தமும் கைதட்டியது. தண்டால் பையன்கள் விசிலடித்தார்கள்.

அண்ணாச்சி கைகூப்பிக்கொண்டே இறங்கிவந்தார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"கேட்டுதா மக்கா?"

அவர் தோளுக்குப் பின்னால் அக்கா என்னைப் பார்த்தார். தலையை லேசாக ஆட்டினார்.

"நல்லாக் கேட்டுது அண்ணாச்சி. ரெண்டு பேரும் சுத்தமாக் கேட்டுது."

"அப்ப கடலை வாங்கு."

போலீஸ்காரர் வந்து, "ஒரு பார்ட்டி கழிஞ்சு ஒரு பார்ட்டி" என்று வரிசைப்படுத்தி அனுப்பினார். சண்டை போட்டவர்கள் எல்லாம் ஒரே மெட்டை முணுமுணுத்தபடிதான் கலைந்தார்கள். இஸ்திரிப் பெட்டி டெபாசிட் இழந்தது. ஊர் அவர்களை இன்னும் ஸ்டைல் அண்ணாச்சி, ஸ்டைல் அக்கா என்றே கூப்பிடுகிறது. அண்ணாச்சி மட்டும், எல்லோருக்கும் பெயர் தெரிந்தும் பிரியத்தில் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

செக்ரட்டரி கசக்கி எறிந்த சீட்டை அன்று நான் பொறுக்கி வைத்துக்கொண்டேன். பஸ் போர்டு பார்த்துக் கற்ற மலையாளத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பெயர்களுக்குக் கீழே அக்கா ஒரு வரி சேர்த்திருந்தார்: மெதுவாக வாசிக்கவும்.

அக்கா, இந்த இதழும் உங்கள் மெஷினுக்குப் பக்கத்துக்கு வரும், தெரியும். அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டும்போது மைக் ஊளையிட்ட இடத்தைத் தாண்டிவிடுங்கள், அது உங்களுக்குக் கைவந்த கலை. கடைசி வரியை மட்டும் பைப்பிங் வைக்கிற வேகத்தில் வாசியுங்கள்.

மெட்டு: பிரம்மநாயகம். பாட்டும் தாளமும்: செண்பகவடிவு.