சுந்தரம் டிக் அடித்த மொழி

"யாரைக் கேட்டுப்பா தமிழ்னு டிக் அடிச்சீங்க?"

"மொழி எதுன்னு இருந்தது, நம்ம மொழியை..."

"அது வீட்டுல பேசற மொழி இல்ல, பரீட்சையில தனித் தாளா எழுதற மொழி. எனக்குத் தமிழ்ல 'அ' கூட..."

"மெதுவாப் பேசு. சுந்தரம் பொண்ணுக்குத் தமிழ் எழுதத் தெரியாதுன்னு பொம்மனஹள்ளி முழுக்கக் கேக்கணுமா?"

அதிதி பள்ளியில் படித்தது இங்கிலீஷும் கன்னடமும். டெல்லியில் பொருளாதாரம் படிப்பது என்று ஒன்பதாம் வகுப்பிலேயே முடிவு செய்தவள். அதற்கான நுழைவுத் தேர்வில் ஒரு தாளில் முட்டை வாங்கினாலும் டெல்லி போச்சு. பிள்ளைகளை நம்பி விண்ணப்பத்தை விடக் கூடாது என்று சுந்தரம்தான் தெருமுனையில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் சஞ்சய் கடைக்குப் போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நிரப்பிவிட்டு வந்தார்.

திருத்துவதற்கு நாள் கொடுப்பார்கள், அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்றாள் மனைவி லாவண்யா. அவர் அதோடு விட்டிருக்கலாம்.

"தாய்மொழியை மாத்தறதா? நானே சொல்லிக் குடுக்கறேன் இவளுக்கு."

சுந்தரம் பிறந்தது ஜீவனஹள்ளி, படித்தது கன்னட மீடியம். தமிழில் மூச்சுவிடாமல் பேசுவார். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. இருபது வருஷமாகத் தமிழ்ப் பேப்பர் வாங்கிப் படம் பார்த்து மடித்து வைப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது அவர் எண்ணம்.

வாணியம்பாடிப் பள்ளியில் தமிழ் படித்த லாவண்யாவின் தலையில் நைசாகக் கட்டப் பார்த்தார். டிக் அடித்தவரே சொல்லிக் கொடுக்கட்டும் என்று அவள் குக்கரை ஏற்றப் போய்விட்டாள்.

கம்பெனி பஸ்ஸில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு குழந்தைகள் வீடியோ பார்த்தார். அணில் வந்து 'அ' என்றது. ஆடு வந்து 'ஆ' என்றது. அவர் உதடு அசைவதைப் பார்த்த பக்கத்து சீட்டுக்காரர், ஏதோ ஜபம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

இவர் 'ஞ'வில் முட்டி நின்றபோது அதிதி 'ற' கேட்டாள். அமாவாசையில் புது எழுத்து ஆரம்பிக்கக் கூடாது என்றார். மறுநாள் ஒரு முழுப் பத்தியையே நீட்டினாள். கண்ணாடியை ஆபீசில் மறந்துவிட்டதாகச் சொன்னார். லாவண்யா அதை அவர் நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டிவிட்டுப் போனாள்.

மானம் போனால் போகிறது, பெண்ணின் டெல்லி போகக் கூடாது என்று சஞ்சய் கடைக்கு ஓடினார். யாருக்கும் தெரியாமல் மொழியை மாற்றிக் கொடுங்கள் என்று கெஞ்சினார். சஞ்சய் தலையைத் தூக்கவில்லை.

"திருத்தற டைம் முடிஞ்சுபோச்சு சார்."

ஒரு வாரம் லீவு போட்டார் சுந்தரம். காலையில் தான் படித்ததை மாலையில் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவளோ ல, ள, ழ மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டு, பதினோரு தடவை விளக்க வைத்தாள். மக்கு, மக்கு என்று திட்டியதில் இவருக்கு மூன்றும் கல்லில் வெட்டியது போலப் பதிந்தன. தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில், மாதிரித் தாளின் பத்தியைத் தட்டுத் தடுமாறாமல் வாசித்து எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னார். அதிதிக்கு மூன்று தப்பு.

ஹால் டிக்கெட் வந்தது. சஞ்சய் பிரிண்ட் எடுத்து நீட்டினார். இங்கிலீஷ், பொருளாதாரம், கணக்கு என்று இருந்தது. சுந்தரம் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெள்ளைக் காகிதம்.

"தமிழ் எங்கய்யா? பொண்ணு ரெண்டு மாசம் உயிரைக் குடுத்துப் படிச்சிருக்கு. இது சைட்டுக்காரன் தப்பு. யார் மேல கம்ப்ளெயிண்ட் எழுதணும், சொல்லுங்க."

சஞ்சய் பிரிண்டரை அணைத்தார்.

"சைட் தப்பு இல்ல சார். கரெக்ஷன் ஓப்பன் ஆன அன்னிக்கே உங்க பொண்ணு வந்து இங்கிலீஷ்னு மாத்திடுச்சு. 'எங்கப்பா இப்பதான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிருக்காரு, நடுவுல தெரிஞ்சா விட்டுடுவாரு, சொல்லிடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு."