இடுப்புக் குப்பியில் மிளகு ரசம்

எங்கள் சித்தப்பா ஒரு கல்யாணப் பந்தலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மனுஷன் எதை ஒளிச்சு வெக்கிறானோ, அதைத்தான்…" என்று ஆரம்பித்தார். மைக் கரகரத்ததில் மீதி காதில் விழவில்லை. அல்லது விழுந்து, மறந்துவிட்டது. ஹிப் ஃபிளாஸ்க்கைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாதி வாக்கியம் ஞாபகம் வரும்.

உடம்போடு ஒட்டி உட்காரும்படி வளைத்துச் செய்த தட்டைக் குப்பி அது. குதிரையேறி வேட்டைக்குப் போன கனவான்கள் குளிருக்காக வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தபோது போலீசுக்குப் பயந்து ஒளித்தார்கள். இப்போது குளிருக்கு ஹீட்டர் இருக்கிறது. மது தெருவுக்கு நாலு கடையில் கிடைக்கிறது. குப்பிக்கு எந்த அவசியமும் இல்லை. ஆகவே எல்லோரும் வாங்குகிறார்கள். லண்டன் வெம்பிளியில் நம்மவர் கல்யாணங்களில் மாப்பிள்ளைத் தோழர்களுக்கு வேட்டியோடு பெயர் பொறித்த குப்பியும் தருகிறார்கள். ஒளிக்க வேண்டிய பொருளில் பெயரைப் பொறிப்பதுதான் நாகரிகம்.

அதே லண்டனில் ஒரு நகரசபைக் கவுன்சிலின் பார்க்கிங் பர்மிட் பிரிவில் நெடுங்காலம் உழைத்த பத்ரிநாராயணனுக்கும் மேலிடம் அப்படியொரு குப்பியைப் பரிசளித்து கௌரவித்தது. பத்ரி, பீர் வாசனைக்கே தும்முகிறவர். வீணாக்க மனமில்லாமல், தொண்டைக்கட்டுக்கு மிளகு ரசம் ஊற்றி எடுத்துப்போனார். மேஜையில் இரண்டு மடக்கு குடித்தார். யாரோ பார்த்துவிட்டார்கள்.

மூச்சுப் பரிசோதனை நடந்தது. பூஜ்யம். அதுதான் வினையாகப் போயிற்று.

விசாரித்தவர் ஊழியர் நலப் பிரிவின் ஜெஸ்ரின், யாழ்ப்பாணத்துப் பெண்.

"பூச்சியம் எண்டு வந்திட்டுது அண்ணை. இனி நான் என்ன செய்ய?"

"நல்ல விஷயந்தானேம்மா?"

"எங்க நல்லது? குடிச்சிருந்தால் அது வருத்தம், ஒரு நோய். வருத்தத்துக்குக் கொள்கை இருக்கு. ஒண்டரை மாசம் லீவு, ஆலோசகர், வேலையில கை வைக்க ஏலாது. ரசத்துக்கு என்ன கொள்கை இருக்கு?"

"ரசம் சாப்பாடும்மா!"

"பரிசுப் பத்திரத்தில குப்பி 'அலங்காரப் பொருள்' எண்டு கிடக்கு. அலங்காரப் பொருளுக்குள்ள பெருங்காயம் ஊத்தினது ஒரு குற்றம். குடிக்காமலே குடிக்கிற மாதிரித் தோற்றம் தந்து சக ஊழியரின்ர மனவுறுதியைக் குலைச்சது ரெண்டாவது. ரெண்டும் சேர்ந்தால் வேலை நீக்கம்."

பத்ரி மனசுக்குள் கணக்குப் போட்டார். பென்ஷனுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

"டைரக்டர் மீட்டிங்லயே குப்பியைத் திறக்கறாரே, அது விஸ்கிதானே?"

"ஓம். அவற்ற தாத்தாவின்ர குப்பி. அது பாரம்பரியம்."

"ரசமும் பாரம்பரியந்தாம்மா!"

"பண்பாட்டு வாரம் ஒக்டோபரிலதான் அண்ணை."

ஜெஸ்ரின் ஒரு தாளை நகர்த்தினார். 'மதுப்பழக்கச் சுய ஒப்புதல் படிவம்.'

"பொய்க் கையெழுத்து போட மாட்டேன்."

"இந்த மாசம் ஏழு பேர் கையெழுத்து வச்சிட்டினம். ஒராள் இஞ்சித் தேத்தண்ணி, ஒராள் இருமல் மருந்து. உண்மையாக் குடிக்கிறவை ஒருத்தரும் வரேல்லை. வியாழக்கிழமையில எல்லாரும் வட்டமா இருந்து, திருந்தினதைப் பற்றிக் கதைக்கிறவை. நூறு வீதம் வெற்றி. போன வருஷம் எங்கட திட்டத்துக்கு விருது கிடைச்சது."

"இது உங்களுக்கே சரின்னு படறதா?"

ஜெஸ்ரின் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முதல் படிவம் என்ர தான் அண்ணை. கொத்தமல்லித் தண்ணி."

பத்ரிநாராயணன் பேனாவைத் திறந்தார். 'தினமும்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, கீழே கையெழுத்திட்டார்.