மொத்தம் ஒன்பது உருப்படி

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல இடம் கிடைக்குமோ என்னவோ.

அவர் ஒரு பெரிய கிடங்கில் ஸ்டோர் கீப்பர். ஐந்து வருஷமாக அந்தக் கிடங்கில் ஒரு பெட்டிகூடக் காணாமல் போனதில்லை. அதை மெச்சி ஒரு கேடயம் தருவதாகக் கம்பெனி சொன்னது. வெளிநாட்டில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்குக் குடும்பத்தோடு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். டிக்கெட்டும் அவர்கள் செலவு. இன்றைக்குப் பிள்ளைகள் மூன்றும் வளர்ந்து ஆளாகி, அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அப்போது பெரியவளுக்கு ஏழு வயது. சின்னவனுக்கு நாலு. குட்டிக்கு ஒன்றரை.

டிக்கெட் வந்த அன்றைக்கே வீட்டில் சண்டையும் வந்தது. எல்லாம் அந்தக் காலை வேலையைப் பற்றித்தான். மூன்றையும் எழுப்பி, பல் தேய்த்து, குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, இரண்டைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றுகிற வரைக்கும் நான் ஒருத்தி. அவர் அந்த நேரத்தில் பேப்பர் படிப்பார். நானும் ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"வாரத்துல ஒரு மூணு நாளாவது நீங்க பாருங்களேன்."

"என்னம்மா பெரிய வேலை? மூணு உருப்படி. எங்க கிடங்குல நாப்பதாயிரம் இருக்கு. ஒண்ணாவது அழுது பார்த்திருக்கியா?"

"அதுங்களுக்கு வாய் இல்லைங்க."

"நிர்வாகம்னு ஒண்ணு இருந்தா வாய் இருக்கிறதும் அழாது."

"அப்ப நாளைக்கே நிர்வாகம் பண்ணுங்க."

"நாளைக்கு என்ன நாளைக்கு. ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு, வீட்டு வாசல்லேர்ந்து ஓட்டல் ரூம் வரைக்கும், மூணையும் நான் தனியாப் பார்க்கிறேன். நீ கையைக் கட்டிக்கிட்டு வா. உன்கிட்ட ஒரு உதவி கேட்டேன்னா நான் தோத்தேன். வாரத்துக்கு மூணு நாள் காலை வேலை என்னுது. கேட்காம போய்ச் சேர்ந்தேன்னா, இந்தக் காலை வேலையைப் பத்தி நீ ஆயுசுக்கும் வாயைத் திறக்கக் கூடாது. சரியா?"

"சரிங்க."

"நான் கேட்காம நீயா வந்து எதையும் சொல்லவும் கூடாது."

"சரிங்க."

நான் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில் அவருக்கே கொஞ்சம் வருத்தம்.

கிளம்புகிற நாள் வந்தது. கிடங்கிலிருந்து ஒரு சுருள் கொண்டுவந்திருந்தார். மஞ்சள் வட்டம், நடுவில் கறுப்பு எண். பெட்டிகளுக்கு ஒட்டுவது. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து முதுகில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒட்டினார். மார்பில் ஒட்டினால் பிய்த்துவிடுவார்களாம். நாலாம் எண்ணை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். "நானுமா?" என்று கேட்டேன்.

"மொத்தம் ஒன்பது உருப்படிம்மா. உன்னை விட்டா கணக்கு இடிக்கும்."

"நான் சரக்காங்க?"

"கைப்பை மாதிரி. கூடவே வர்றது."

முதுகைக் காட்டினேன். அஞ்சிலிருந்து ஒன்பது வரை பைகள். ஐந்தும் கறுப்பு, அதிலே எட்டும் ஒன்பதும் சின்னது, இரட்டைப் பிள்ளை மாதிரி ஒரே அச்சு. அடுக்குவதற்கு வசதி என்று ஒரே கடையில் ஒரே மாதிரி வாங்கினார். எட்டில் கேடயம் வாங்குவதற்கான அவருடைய உடுப்பு. ஒன்பதில் பிள்ளைகளின் மாற்றுத் துணி, பால் பவுடர், குட்டியின் டயப்பர். எட்டாம் எண் பை, பெரிய பைகள் மூன்றோடு சேர்ந்து விமானத்தின் வயிற்றுக்குள் போகும். ஒன்பதாம் எண் கையோடு வரும்.

"அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டலாமேங்க" என்று வாய் வரை வந்தது. கையைக் கட்டிக்கொண்டேன்.

டாக்சியில் ஏறும்போது எண்ணினார். அட்டையில் காகிதம் செருகி, பேனாவால் ஒவ்வொன்றாக டிக் போட்டு, "ஒன்பது, சரி" என்றார். இறங்கும்போதும் எண்ணினார். ஒன்பது, சரி.

விமான நிலையத்தில் வரிசை நீளம். அவர் பாஸ்போர்ட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், சின்னவன் எட்டாம் எண்ணை உரித்து ஒன்பதின் மேலும், ஒன்பதை உரித்து எட்டின் மேலும் ஒட்டினான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. உரிந்தது, உரித்தான். முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய முடியும், வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

எடை போடுகிற பெண்ணிடம் அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு என்று எடுத்துக் கொடுத்தார்.

"சார், இது போகாது" என்றாள் அவள்.

"ஏன் போகாது? எடை சரியாத்தானே இருக்கு. பதினாறு கிலோ."

"பையன் உக்காந்திருக்கான் சார்."

சின்னவனை எடைமேடையிலிருந்து இறக்கினார். எடைச்சீட்டு மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். தேவைப்படுமாம்.

விமானத்தில் ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு பெரியவள் வாந்தி எடுத்தாள். அதைப் பார்த்த சின்னவன் கையிலிருந்த பழச்சாற்றைத் தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டான். குட்டி தன் பங்கைச் சத்தமில்லாமல் செய்துவிட்டது, வாசனைதான் சொல்லிற்று.

அவர் அசரவில்லை. "இதுக்குத்தான் நம்பர் ஒன்பது" என்று மேலே இருந்து பையை இறக்கி, ஜிப்பைத் திறந்தார்.

இஸ்திரி போட்ட சட்டை ஆறு. கால்சட்டை இரண்டு. பனியன் நாலு. டை ஒன்று.

அவர் பையைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். மறுபடி பையைப் பார்த்தார். அடுத்து என்னைப் பார்க்கப் போகிறார் என்று தெரிந்தது. கண்ணை மூடிப் பிரார்த்தனையில் இறங்கிவிட்டேன். பிரார்த்தனையில் இருப்பவளைக் கூப்பிட மாட்டார். அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்தவர்.

என்ன வேண்டினேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "கடவுளே, இவர் தோற்கட்டும். பெரிதாக வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள் அளவுக்குத் தோற்றால் போதும்."

பக்கத்தில் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தேன்.

என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் வெளியே போவார். பேக்கிங் டேப் இல்லாமல் போக மாட்டார். பெரியவள் அவருடைய நீலச் சட்டையில் இருந்தாள், இடுப்பில் டை. சின்னவன் வெள்ளைச் சட்டையில், கை மடித்து மடித்து மணிக்கட்டில் இரண்டு பந்து. குட்டிக்கு ஒரு பனியனை நாலாக மடித்து வைத்து, இடுப்பைச் சுற்றி மூன்று சுற்று டேப். அதன் மேல் மூன்றாம் எண்ணையும், மற்ற இரண்டின் சட்டையில் அவரவர் எண்ணையும் மறக்காமல் ஒட்டிவிட்டார். அந்த வழியாக வந்த பணிப்பெண் குட்டியைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

"அப்பா, எனக்கும் டேப்பு."

"உனக்கு எதுக்குடா?"

"கிர்ர்ருக்கு."

அவனுக்கும் ஒரு சுற்று. பெரியவளுக்கும் ஒன்று. குட்டிக்குச் சும்மா ஒன்று. டேப்பை இழுக்க இழுக்க மூன்றும் சிரிக்கிற சிரிப்பில் முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மூன்று மணி நேரம் 'அம்மா' என்று ஒரு குரல் இல்லை.

பணிப்பெண் டீ கொடுத்தாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, டீயை அது சூடாக இருக்கும்போதே குடித்தேன். அந்தச் சூட்டில் எனக்கு ஒரு யோசனை வந்தது. மறுபடி கண்ணை மூடினேன்.

"கடவுளே, முன்னால் கேட்டதை மறந்துவிடு. இவர் ஜெயிக்கட்டும்."

இறங்கினோம். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற கூடத்தில் ஊர்ப்பட்ட கூட்டம். வரிசை பாம்பாக வளைந்து வாசல் வரைக்கும் நின்றது. அவர் தன் சட்டையை மாற்றி, பெரியவளிடமிருந்து டையைக் கேட்டு வாங்கிக் கட்டி, அட்டையும் பேனாவுமாக எண்ணத் தொடங்கினார். குட்டிக்காகக் குனிந்திருந்ததால் தரைமட்டத்திலிருந்தே எண்ணினார். ஒன்று இருந்தது. மூன்று இருந்தது. இரண்டு கூட்டத்துக்குள் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.

"டேய், ஓடாதே" என்று பாய்ந்து பிடித்தார்.

பிடித்தது ஒரு நீளமான கறுப்புக் கோட்டின் ஓரத்தை. உள்ளே ஆறடி உயரத்தில் ஒரு வெள்ளைத் தாடிக்காரர். நாலு வயசுப் பையனின் கை எட்டுகிற உயரத்தில், கோட்டின் மேல் எண் இரண்டு. சின்னவன் அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றான்.

தாடிக்காரருக்கு நம் பாஷை தெரியாது. அவர் பாஷை நமக்குத் தெரியாது. எண்ணைத் தொட்டுப் பார்த்தார். டையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தனக்கு வரிசையில் இரண்டாம் இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போல. எங்கள் பின்னால் வந்து பவ்யமாக நின்றார்.

அதைப் பார்த்த ஒரு அம்மாள் கையை நீட்டினாள், தனக்கும் ஒரு எண் வேண்டும் என்று. இன்னொருவர் நீட்டினார். பிறகு ஐந்து பேர்.

"என்னங்கடா இது" என்றார் அவர். ஆனால் நீட்டின கையைப் பார்த்தால் கிடங்குக்காரருக்குச் சும்மா இருக்க முடியுமா? "வரிசையா வாங்க, தள்ளாதீங்க" என்று தமிழிலேயே சொன்னார். வந்தார்கள். பெரியவள், அப்பா கையோடு கொண்டுவந்திருந்த சுருளிலிருந்து கிழித்தாள். சின்னவன் ஒட்டினான், எட்டுகிற இடத்தில். குட்டி ஒவ்வொருவருக்கும் கை தட்டிற்று. அவர் டிக் போட்டார். முப்பத்தி நாலு வரைக்கும் போயிற்று.

காவலர் இரண்டு பேர் வந்தார்கள். எண் ஒட்டின அத்தனை பேரையும் பார்த்தார்கள். அப்பாவின் சட்டையில் இரண்டு பிள்ளைகள், டேப் சுற்றி ஒன்று, முதுகில் எண்ணோடு கை கட்டி நிற்கிற நான். இந்தக் குடும்பத்தை முதலில் வெளியே அனுப்பினால்தான் கூடம் ஒழுங்குக்கு வரும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஓரத்துச் சாளரத்தைத் திறந்து ஐந்தே நிமிஷத்தில் முத்திரை குத்தி, பைகளை எடுத்து, வாசல் வரைக்கும் அவர்களே கொண்டுவந்து விட்டார்கள்.

"பார்த்தியா நிர்வாகத்தை?" என்றார்.

"பார்த்தேங்க."

ஆனால் ஓட்டலுக்குப் போகிற ரயிலில் ஆள் தளர்ந்துவிட்டார். குட்டி அழுதது. டேப்பைப் பிரித்தாக வேண்டும். அதற்கு நுனி கிடைக்கவில்லை. அது பெட்டி பிரிந்தாலும் பிரியாத டேப். சின்னவன் ஒரு பக்கம் தோளில் தூங்கி வழிந்தான். பெரியவளுக்குப் பசி. வேர்த்து ஒழுகிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கொஞ்சம்..."

இன்னும் ஒரு வார்த்தை வந்திருந்தால் தோற்றிருப்பார். நான் விடுவேனா?

"எப்படிங்க இவ்வளவு அழகாச் சமாளிக்கிறீங்க?" என்றேன். "எனக்கு ஏழு வருஷமா வராதது உங்களுக்கு ஒரே நாள்ல வந்துடுச்சே."

வாயை மூடிக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது. "கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"கொஞ்சம் தள்ளி உக்காருன்னு சொல்ல வந்தேன். காத்து வரட்டும்."

தள்ளி உட்கார்ந்தேன்.

ஓட்டல் அறைக் கதவைத் திறந்ததும் குட்டியை டேப்போடு தூக்கி வெந்நீர்த் தொட்டியில் இறக்கினார். ஊறினால் தானாகக் கழன்று வரும் என்று கணக்கு. வந்தது. மற்ற இரண்டும் சட்டையோடு உள்ளே குதித்தன. கழன்ற டேப்பைக் கப்பலாக விட்டார்கள். அவர் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து மூன்றுக்கும் தலை தேய்த்தார். நுரை அவர் மீசையில் இருந்தது. நான் கட்டிலில் படுத்து மேல்கூரையைப் பார்த்தேன். அழகான கூரை.

துவட்டி எடுத்துக்கொண்டு வந்து முன்னால் நின்றார்.

"ஒன்பது, சரி. நான் ஜெயிச்சேன்."

"ஜெயிச்சீங்க."

"ஒரு உதவி கேட்டேனா?"

"கேக்கலைங்க."

"அப்ப காலை வேலையைப் பத்தி..."

"ஆயுசுக்கும் வாயைத் திறக்க மாட்டேன். சத்தியம்."

கேடயத்தை, கசங்கிப்போன சட்டையில் நின்று வாங்கினார். அதற்கு என்ன, வாங்கினார்.

ஊர் திரும்பினோம். திங்கட்கிழமை காலை. நான் பெரியவளை எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை.

"அப்பா நம்பர் ஒட்டினாத்தான் எழுந்துப்பேன்."

சின்னவனைக் குளிக்கக் கூப்பிட்டேன். "அப்பாதான் வேணும். கப்பல் விடணும்."

குட்டி என் கையிலிருந்த பல் துலக்கியைத் தட்டிவிட்டு, பேப்பர் இருக்கிற திசையைக் காட்டி அழுதது. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பேப்பர் இறங்கிற்று. "என்னம்மா இது? பசங்ககிட்ட நீ எடுத்துச் சொல்லக் கூடாதா?"

உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

"அட, ஒரு வார்த்தை சொல்லும்மா. வண்டி வந்துடும்."

கண்ணை மூடிக்கொண்டேன். நன்றி சொல்ல வேண்டியவர் ஒருவர் இருந்தார். சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. திறந்தபோது அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளியலறை வாசலில், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, முதுகில் ஒன்றுமாக நின்றுகொண்டிருந்தார்.

இது ஒரு மாதம் நடந்தது. ஞாயிறு போக மற்ற ஆறு நாளும். மாத முடிவில் ஒரு காலை, சின்னவனுக்குப் பல் தேய்த்துவிட்டுக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"தோத்திருந்தா மூணு நாளோட போயிருக்கும், இல்லைம்மா?"