கடலுக்கு ஓர் ஒத்திகை

அன்புள்ள அண்ணா,

இல்லை, யாருக்கும் காய்ச்சல் இல்லை. பஸ் ஸ்டிரைக்கும் இல்லை. மாதக் கடைசி ஞாயிறு கடற்கரைக்குப் போவதைத் தள்ளிப்போடலாம் என்று போனில் சொன்னதற்குக் காரணம் நான்தான். எழுதத்தான் தைரியம் வந்தது. நலம் விசாரிப்பதை இங்கேயே முடித்துவிடுகிறேன், பிறகு மறந்துபோகும்: நன்றாக இரு, கட்டட வேலையில் கிரேனில் ஏறும்போது கீழே பார்க்காதே.

மூன்று மாதத்துக்கு ஒரு நாள்தான் உனக்கு லீவு. போன முறை மிருகக்காட்சிசாலைக்குப் போன லட்சணம் உனக்கே தெரியும். பஸ்ஸில் சின்னவள் வாந்தி, ஜன்னலோரத்துக்காகப் பெரியவன் சண்டை, போய்ச் சேர்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாதென்று நேற்று வீட்டிலேயே ஒத்திகை வைத்தேன். நாற்காலிகள்தான் பஸ், அண்ணி கண்டக்டர், டிக்கெட் இல்லையென்று என்னைச் சமையலறை வாசலில் இறக்கியே விட்டார், குளியல் தொட்டி நிறையத் தண்ணீர், அரைக் கிலோ உப்பு, காற்றுக்கு மேசை விசிறி, மணலுக்குப் பூந்தொட்டி மண், உனக்குப் பதில் உன் சட்டை போட்ட தலையணை, அது யாரையும் திட்டவில்லை, "இவரையே வச்சுக்கலாம் போலிருக்கே" என்கிறார் அண்ணி, சின்னவள் உப்புத் தண்ணியைக் குடிச்சிட்டு இன்னும் கேக்கறா, அலையாக நடித்தது நான், ஒரு மணி நேரம், இடுப்பே போச்சு அண்ணா.

எல்லாம் பிரமாதம். அதுதான் தொல்லை.

இன்று காலை, "அப்பா வந்ததும் கடலுக்குப் போறோம்" என்றேன்.

"அதான் நேத்தே போயிட்டு வந்தாச்சே அத்தை" என்றான் பெரியவன்.

"எனக்கு இன்னும் கால் வலிக்குது" என்றாள் சின்னவள்.

நிஜக் கடல் ரொம்பப் பெரியது என்றேன். இதுவே போதுமாம்.

பிள்ளைகளின் ஆசையையும் உன் ஒரே லீவையும் நான் தொட்டியில் கரைத்துவிட்டேன். நீ ஆசையாக வந்து நிற்பாய், அவர்கள் கொட்டாவி விடுவார்கள். என்னால் பார்க்க முடியாது. அவர்கள் மறக்கட்டும். அப்புறம் வா.

ஆசீர்வதிக்கும் வயது எனக்கில்லை. வணக்கம் மட்டும்.

உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது இரண்டு பேரும் வந்து நின்றார்கள்.

"யாருக்கு?"

"உங்கப்பாவுக்கு. இப்ப வர வேணாம்னு."

"ஏன்? அப்பா கடல் பாத்திருக்காரா?" என்றாள் சின்னவள்.

பொய் சொல்ல வரவில்லை. "இல்ல."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அய்யோ பாவம். அப்ப நாமதான் கூட்டிட்டுப் போகணும். நான் கையப் புடிச்சுக்கறேன்."

"மொத தடவை பயப்படுவாரு" என்றான் பெரியவன். "ஆழத்துக்கு விடக் கூடாது."

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிலையம் போய், அந்த ஞாயிற்றுக்கே ஐந்து டிக்கெட் எடுத்தேன்.